விட்டுப்போகிறவர்களின் கணக்கு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். என் முதலாளியான ஆங்கிலேயக் கிழவர். இத்தாலியின் பலெர்மோ நகரிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய மனைவி, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் இத்தாலியப் பேராசிரியர். தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊர்க் கடலில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு தம்பி. என் மனைவி. நான். நாயும் இருந்தது, ஆனால் அது மேசைக்கு அடியில் நித்திரை. இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. அன்று பேசியதைப் பேசவேயில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆறு பேருடைய காதிலும் விழுந்த பேச்சு அது.

நால்வர் மேசையில், நாங்கள் இருவரும் குசினியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிழவர் தான் எழுதிக்கொண்டிருக்கிற உரையைப் பேராசிரியருக்கு வாசித்துக் காட்டப்போகிறார் என்றும், அதில் இலங்கையும் வருவதால் இலங்கைக் கறி வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றும் சிஞ்ஞோராவுக்கு ஒரு யோசனை. என் மனைவியைச் சமைக்கக் கூப்பிட்டார். அவளுக்கு அது வேலை நாள் அல்ல, அவள் அந்த வீட்டு வேலைக்காரியும் அல்ல. "உன் மனைவிக்கும் சந்தோசமாக இருக்கும்" என்றார் சிஞ்ஞோரா. தமிழ்நாட்டுத் தம்பியைக் கூப்பிட்டதும் அவர்தான். எனக்கு ஊர்க்காரர் ஒருவரைக் கண்ட மாதிரி இருக்கட்டுமாம். என் யாழ்ப்பாணத்துக்கும் தம்பியின் திருநெல்வேலிக்கும் இடையில் ஒரு கடல் கிடக்கிறதென்று அவருக்கு யார் சொல்வது?

கிழவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதைத் தாண்டியவர். பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தூதராக ஒருபோதும் இருந்ததில்லை, தூதருக்கு இரண்டு படி கீழே. ஆனால் கட்டடத்து வாசற்காவலாளி அவரை மேன்மைதங்கியவரே என்றுதான் கூப்பிடுவான். பலெர்மோவில் பட்டம் கொடுக்க யாரும் காசு பார்ப்பதில்லை. நான் அவரிடம் ஒன்பது வருடம் வேலை செய்தேன். வீடு துடைப்பேன், சந்தைக்குப் போவேன், அவரைக் குளிக்க வார்ப்பேன், சவரம் எடுத்துவிடுவேன், பின்னேரம் கையைப் பிடித்துக் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போவேன். சிஞ்ஞோரா என்னை நீ என்பார். கிழவர் ஒன்பது வருடமும் என்னை நீங்கள் என்றே அழைத்தார். அதற்காக அவரைப் பற்றி நான் வெளியில் பெருமையாகக் கதைத்ததுண்டு.

சவரம் எடுக்கும்போது அவர் சும்மா இருக்க மாட்டார். கத்தி தாடைக்குக் கீழே போகும் நேரம் பார்த்து ஏடன் துறைமுகத்தைப் பற்றித் தொடங்குவார். நான் இயல்பிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், பூட்டினேனா என்று திரும்பி ஏறுகிற ஆள். இவர் தொண்டையில் இரத்தம் வந்தால் பொலிஸ் வருமே, பெர்மெஸ்ஸோ போய்விடுமே என்றெல்லாம் என் யோசனை ஓடும். வதிவிட அனுமதியைத்தான் இஞ்சை நாங்கள் பெர்மெஸ்ஸோ என்கிறோம். அது போனால் எல்லாம் போனது. அவரோ ஏடனை விட்டுச் சிங்கப்பூருக்குப் போயிருப்பார்.

அவருடைய உத்தியோகம் முழுக்க மூடுகிற உத்தியோகம். அவர் சேர்ந்த காலத்தில் அவருடைய நாடு உலகம் முழுவதும் கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. எதை எரிப்பது, எதைக் கப்பலில் ஏற்றுவது, கொடியை யார் இறக்குவது, வாத்தியக் குழு எந்த இடத்தில் நிற்பது. ஏடனில் மூடினார், சிங்கப்பூரில் மூடினார், பிறகு வளைகுடாவில் மூடினார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது தங்கள் நாட்டிடம் காசு இல்லை என்பார். வென்ற நாடு, ஆனால் கஜானாவில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவிடம் கடன். தாங்கள் ஆண்ட நாடுகளிடமே கடன். அப்படியிருந்தும் பெரிய மேசையில் பெரியவர்களோடு சமமாக இருக்கவேண்டும், அணுகுண்டும் வேண்டும், கீழைக் கடல்களில் கப்பலும் நிற்கவேண்டும். அதை எப்படிச் சமாளித்தோம் என்பதுதான் தன் உரையின் சாரம் என்று சொல்வார்.

எனக்கு அதை விளங்கிக்கொள்ளப் படிப்புத் தேவைப்படவில்லை. எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். காணி முழுவதையும் ஈடு வைத்துத் தின்றுவிட்டார். ஆனால் திருவிழாவில் கோயில் மரியாதையான முதல் காளாஞ்சி தனக்குத்தான் என்று வேட்டியை மடிப்புக் குலையாமல் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். ஐயரும் பேசாமல் கொடுத்துவிடுவார்.

ஒருநாள் அவர் சொன்னார், இலங்கைக்குச் சுதந்திரம் கொடுத்த பிறகும் திருகோணமலைத் துறைமுகத்தைத் தங்கள் கடற்படைக்கென்று வைத்துக்கொண்டோம் என்று. பத்து வருடம் போல வைத்திருந்துவிட்டு, சுயஸ் கால்வாயில் மூக்குடைபட்ட பிறகு விட்டுக்கொடுத்தார்களாம். என் அப்பாவின் தகப்பனார் அந்தத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவர். வெள்ளைக்காரன் போன கையோடு வேலையும் போய், ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நான் கிழவரிடம் சொன்னேன். கோபித்துச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் உங்கள் குடும்பம் எங்களோடு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று வியந்தார். சம்பந்தம் கொண்டாடுகிற மாதிரி.

இன்னொரு நாள், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தோம் என்றார். அது இப்போது எங்கே என்று கேட்டேன். பிறகு வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள், அது எங்கள் பொறுப்பில் வராது என்றார். சவர நுரை காதோரம் காய்ந்து போயிருந்தது. நான் துடைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது, வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த சனம் குடியிருந்தபடியால். அந்தச் சனத்தை ஒரு சட்டப் பிரிவின் பொறுப்பில் விட்டுவிட்டு, வாத்தியம் வாசித்துக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். சட்டத்தில் எழுதினால் போதும் என்று நினைக்க எவ்வளவு நிம்மதியான மனம் வேண்டும்! எனக்கு அப்படி ஒரு மனம் ஒருநாளாவது வாய்த்திருந்தால் நன்றாக நித்திரை கொண்டிருப்பேன்.

இப்படித்தான் காலம் போனது. பிறகு என்னையும் மூடத் தொடங்கினார்.

முதலில், நாங்கள் எங்கள் பொறுப்புகளைக் குறைத்துக்கொள்கிறோம் என்றார். அந்தச் சொற்களையே சொன்னார். கிழமையில் ஆறு நாள் நான்கு நாளானது. பிறகு மூன்று. நாட்கள் குறைந்தனவே தவிர வீட்டு ஊத்தை குறையவில்லை. ஆறு நாள் வேலையை மூன்று நாளில் செய்தேன். ஈஸ்டருக்குப் பிறகு விசயம் முழுதாக வெளியில் வந்தது. வீட்டை விற்றுவிட்டார்கள். சிஞ்ஞோராவின் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே தங்கச்சியின் வேலையாளே இரண்டு வீட்டையும் பார்ப்பார். ஜூனுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை.

இத்தாலியில் வீட்டு வேலைக்காரரை நிற்பாட்டும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கவேண்டும். அதற்குப் பெயர் லிக்விதசியோனே. எங்கள் ஆட்களுக்கு இத்தாலியனில் வணக்கம், நன்றிக்கு அடுத்ததாகத் தெரியும் சொல் அதுதான். கல்யாண வீட்டில் இரண்டு பேர் தலையைக் கிட்ட வைத்துக் கதைத்தால், அது ஒருவருடைய லிக்விதசியோனேயைப் பற்றித்தான் இருக்கும்.

எனக்கு அந்தக் காசு அவசரமாகத் தேவைப்பட்டது. நாங்கள் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறையில் இருந்தோம். மீன்காரர் போய் மதுக்கடைகள் வந்துவிட்ட தெரு அது. எங்கள் வீட்டுக்காரர் எங்களை வீட்டை விட்டு எழுப்பிவிட்டு, உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறார். சீசா என்கிற பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. மூன்று அறை, பஸ் வாசலிலேயே நிற்கும். வீட்டுக்காரி மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கேட்டாள். ஜூன் கடைசி வரைக்கும் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் முடியாது என்றாள். ஊரெல்லையில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கிற இன்னொரு தமிழ்க் குடும்பம் காசைக் கையில் வைத்துக்கொண்டு அதே வீட்டுக்குக் காத்திருந்தது.

கிழவரிடம் கேட்கவேண்டும். கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். கேட்டால், ஒன்பது வருடம் பழகியவன் காசைப் பற்றிக் கதைக்கிறானே என்று மனம் நோவாரோ? அடுத்த வேலைக்கு நல்ல வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுவாரோ? கேட்காவிட்டால், எனக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடுவாரோ? ஏப்ரல் போனது, மே போனது. என் மனைவி ஒவ்வொரு நாளும் வாசலில் வைத்தே கேட்பாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாட்டில் குனிந்துகொள்வேன்.

"கேக்காமல் ஆருக்கு அந்தாக்கள் என்னத்தைத் தந்தவை?" என்று ஒருநாள் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மனைவி கணவாய்க் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் வைத்திருந்தாள். சிஞ்ஞோரா இரண்டுமுறை குசினிக்கு வந்து உறைப்பைக் குறைக்கச் சொன்னார். மூன்றாம் முறை வந்தபோது மனைவி மூடியைத் திறக்கவேயில்லை. மேசையில் கிழவர் வாசித்துக்கொண்டிருந்தார். பேராசிரியருக்காக இத்தாலியனில்தான் வாசித்தார். நான் இரண்டாம் முறை சோறு கொண்டுபோனேன். என் மண்டைக்குள் அந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கேட்டேதீரவேண்டும், எல்லாரும் எழும்பிப் போனபிறகு, கோப்பை கழுவமுதல்.

அப்போது கிழவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. லிக்விதசியோனே. அது ஒரு பாரம் அல்ல, ஒரு கடமை என்றார். எங்களோடு இவ்வளவு காலம் இருந்தவர்களை வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போக எங்கள் மரியாதை இடம் கொடுக்காது என்றார். முழுமையாகவும் ஒழுங்காகவும் செய்யவேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். நான் சோற்றோடு நேரெதிரே நின்றேன்.

மாதக்கணக்கில் கிடந்த கல் நெஞ்சிலிருந்து இறங்கியது. நாலு பேருக்கு முன்னால், தானாகவே, நான் கேட்காமலே சொல்லிவிட்டாரே மனுசன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். நன்றி சிஞ்ஞோரே, இதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நித்திரை இல்லாமல் கிடந்தேன், இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் பெரிய உதவி, சீசாவில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், முற்பணம் கட்டவேண்டும் என்று என் இத்தாலியனில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

சிஞ்ஞோரா கரண்டியைப் பார்த்தார். தமிழ்நாட்டுத் தம்பிதான் மெல்ல என் பக்கம் சரிந்தார்.

"அண்ணே, அவர் உங்க செட்டில்மென்ட்டைப் பத்திப் பேசலைண்ணே. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைக் கலைச்சாங்கள்ல, அதைப் பத்திப் படிச்சிட்டிருக்கார். அதுக்கும் இங்க இதே வார்த்தைதான்."

பேராசிரியர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். கிழவரின் தோளில் தட்டி, பார்த்தாயா, உன்னுடைய கடைசிக் காலனி கணக்குக் கேட்கிறது என்றார். சிஞ்ஞோராவுக்கும் சிரிப்பு வந்து கைத்துண்டால் வாயைப் பொத்தினார். எனக்கு நின்ற இடத்தில் உடம்பு எரிந்தது. கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. நான் ஒரு மனுசன், ஒன்பது வருடம் இந்தக் கிழவரின் முதுகு தேய்த்தவன். காலனியாம்.

கிழவர் சிரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். என் கையைத் தொட்டு, அதுவும் நடக்கும், அதுவும் நடக்கும், காலப்போக்கில், என்றார். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்த இடத்திலாவது நான் குசினிக்குப் போயிருக்கவேண்டும். சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் வாசித்த அடுத்த பக்கம் கடனைப் பற்றியது. யுத்த காலத்தில் இந்தியாவும் இலங்கையும் எகிப்தும் சாமானும் உழைப்பும் கொடுத்தன. அதற்கான காசு கையில் கொடுக்கப்படவில்லை. லண்டனில் அவர்கள் பெயரில் எழுதி வைக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகு அதை ஒரேயடியாகக் கொடுத்திருந்தால் தங்கள் நாடு கவிழ்ந்திருக்கும். ஆகையால் பூட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, தங்களுக்கு வசதியான நேரத்தில் அவிழ்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வலிமை குறைந்த ஒரு நாடு பேச்சுவார்த்தையின் திறமையால் மட்டும் பெற்ற வெற்றி இது என்று நிறுத்தி, தண்ணீர் குடித்தார்.

நான் சொன்னதை இத்தாலியனில்தான் சொன்னேன். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"சிஞ்ஞோரே, அவை சத்தம் போடாமல் இருந்தது உங்கடை கெட்டித்தனத்தாலை இல்லை. காசு உங்கடை கையிலை இருந்தது. அதாலைதான்."

வேலை போனவனை இனி என்ன செய்யமுடியும் என்ற துணிவுகூட எனக்கு அப்போது வரவில்லை. பயத்தோடுதான் சொன்னேன். ஆனால் நடந்தது நான் பயந்த மாதிரி இல்லை. அதைவிட மோசமாக நடந்தது. பேராசிரியர் கை தட்டினார். கிழவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். மிக அருமை, மிகச் சரியாகச் சொன்னீர்கள், இதை என் உரையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று நீங்கள் போட்டு மரியாதையாகக் கேட்டார். நான் பதில் சொல்லமுதல் ஓரத்தில் எழுதிக்கொண்டும்விட்டார்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு வசனம். அதையும் எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு நேரமும் குசினி வாசலில் நின்ற என் மனைவி ஏப்ரனைக் கழற்றி மடித்தபடி உள்ளே வந்தாள். அவளுக்கு இத்தாலியன் நன்றாக வரும், ஆனால் அவர்களோடு கதைக்கவில்லை. தம்பியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"தம்பி, அந்தாளிட்டை ஒரு திகதி கேளும். வேறை ஒண்டும் வேண்டாம். எப்ப தருவார் எண்டு திகதி சொல்லச் சொல்லும்."

தம்பி பாவம், கையில் கறியோடு ஆங்கிலத்தில் கேட்டார். கிழவர் பேனையை மூடிவிட்டு யோசித்தார். பிறகு மறுமொழி சொன்னார். திகதி சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறதாம். ஏடனில் போகிற திகதியை முன்கூட்டிச் சொன்னதுதான் தாங்கள் விட்ட பெரிய பிழையாம். திகதி சொன்ன அன்றே கையிலிருந்த பிடி எல்லாம் போய்விட்டதாம். ஆகையால் கொள்கையளவில் அவர் திகதி சொல்வதில்லை.

கொள்கை! சீசாவில் ஒரு வீட்டுக்கு மூன்று மாத வாடகை கட்டுவதற்கு நடுவில் ஏடன் துறைமுகம் வந்து நிற்கிறது. அந்த மனுசன் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவேண்டுமென்று நினைக்கவும் இல்லை. இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கள்ளனென்றால் கள்ளன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர் ஒரு பெரிய நாட்டின் பழக்கத்தைத் தன் வீட்டுக் குசினி வரைக்கும் கொண்டுவந்து வைத்திருந்தார். அது பழக்கம் என்று அவருக்கே தெரியாது. தான் போகிற போக்கில் நிற்கிறவர்கள் காத்திருப்பார்கள் என்பது அவருக்குச் சூரியன் உதிக்கிற மாதிரி.

நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் இறங்கினோம். பஸ் தரிப்பில் வெயில் கொளுத்தியது. தம்பி நல்ல பிள்ளை, எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"விடுங்கண்ணே. வயசானவரு. பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரியுது."

"நல்ல மனுசன் இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்றேன். "நல்ல மனுசன் எண்டால் காசைத் தரட்டும்."

தம்பி நிழலுக்குத் தள்ளி நின்றார். பிறகு, வெள்ளைக்காரர்கள் எல்லாமே கெடுதல் செய்தார்கள் என்று சொல்லமுடியாது, தங்கள் ஊருக்கு ரயில் விட்டவர்கள் அவர்கள்தான், தன் தாத்தா அந்த ரயிலில் போய்த்தான் படித்தார் என்று ஏதோ சொன்னார். என் மனைவி அதுவரைக்கும் பஸ் வரும் திக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி. டிக்கெட்டுக்கு உங்கடை தாத்தா காசு குடுத்தவரோ, இல்லாட்டிக் காலப்போக்கிலை குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு ஏறினவரோ?"

தம்பி சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. பேராசிரியரின் சிரிப்பு காதுக்குள்ளேயே நின்றது. பஸ் வருவதற்கிடையில் தம்பி தானாகவே ஒரு வாக்குக் கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒழுங்காக ஒரு மின்னஞ்சல் எழுதித் தருகிறேன், அவர்களுக்கு எழுத்தில் கேட்டால்தான் காது கேட்கும் என்றார். அடுத்த கிழமையே எழுதியும் தந்தார். அவரை நான் மறக்கமாட்டேன், ரயிலை மன்னித்துவிட்டேன்.

மின்னஞ்சலுக்கு முதலில் தொலைபேசியில் மறுமொழி வந்தது, சிஞ்ஞோராவிடமிருந்து. அன்றைக்கு மேசையில் உன் காசைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லையே, நீ பிழையாக விளங்கிக்கொண்டாய், எல்லாருக்கும் முன்னால் என் கணவரைச் சங்கடப்படுத்திவிட்டாய் என்றார். காலப்போக்கில் என்று அவர் சொன்னாரே என்றேன். அது சரித்திரத்தைப் பற்றி என்றார்.

தொழிலாளருக்கு உதவி செய்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை ஒன்பது வருடத்தையும் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்து, ஆறாயிரத்து எண்ணூற்று எண்பது யூரோ என்றாள். நாங்களே போட்ட கணக்கைவிடக் கூடுதல். அவள் அனுப்பிய கடிதத்துக்குக் கிழவர் தன் கையெழுத்திலேயே பதில் எழுதியிருந்தார். தம்பி அதை வாசித்துத் தமிழில் சொன்னார். தொகையை முழுமையாக ஏற்றுக்கொள்கிறாராம். என் சேவையை மிக உயர்வாக மதிக்கிறாராம். சூழ்நிலை அனுமதிக்கும்போது பகுதி பகுதியாகச் செலுத்துவாராம். இவ்வளவு அழகாக ஒரு ஆள் தராமல் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். வீடு விற்ற காசு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. புதிய வீடு வாங்கியிருப்பார்கள், அவர்களுக்கும் செலவு இருக்கும். பார்த்தீர்களா, அவருக்காக நானே காரணம் தேடுகிறேன். இதுதான் எனக்கு என்னில் பிடிக்காத குணம்.

முதல் பகுதியாக எண்ணூறு யூரோ வந்தது. ஜூன் முடிய இரண்டு நாள் இருந்தது. எண்ணூறைக் கொண்டு சீசா வீட்டின் கதவைக்கூடத் திறக்கமுடியாது. சியாகுல்லிக் குடும்பம் வீட்டுக்காரியிடம் மறுபடியும் போய்க் கேட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம். மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் போனாள். எங்கள் சீட்டு மாதாமாதம் கட்டுகிற ஏலச் சீட்டு. ஆகக் கூடுதலாகக் கழிவு விட்டுக்கொடுக்கிறவருக்குத்தான் அந்த மாதம் காசு. கடைசி மாதங்களில் முழுத்தொகையாக எடுக்கலாம் என்று கட்டி வந்த சீட்டை, அறுநூற்றைம்பது யூரோ கழிவு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கிழவர் திகதி சொல்லாத கொள்கைக்கு நாங்கள் கட்டிய வட்டி அது. லண்டன்காரர் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்த காலத்தில் கொழும்பிலும் கெய்ரோவிலும் யார் யார் எதை எதைக் கழிவு போட்டார்களோ, அதையெல்லாம் எந்த உரையிலும் வாசிக்க மாட்டார்கள்.

வீடு கிடைத்தது. இப்போது சீசாவில்தான் இருக்கிறோம். காலையில் பஸ் திரும்பும்போது யன்னல் கண்ணாடி அதிரும், அது உடைந்துவிடுமோ என்று எனக்கு ஒரு புதுப் பயம். ஓகஸ்ட்டில் இன்னும் ஐந்நூறு வந்தது.

செப்டெம்பரில் சிஞ்ஞோரா மறுபடி தொலைபேசி எடுத்தார். தங்கச்சியின் வேலையாளுக்குக் கிழவரைக் குளிக்க வார்க்கத் தெரியவில்லையாம். தண்ணீர் காதுக்குள் போய்விடுகிறதாம். கிழவர் என் பெயரைச் சொல்லிக் கேட்கிறாராம். கிழமைக்கு இரண்டு நாள், பழைய சம்பளம். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. என் வாய் ஓம் என்று சொல்லப்போனதை நானே உணர்ந்தேன். பக்கத்தில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

மிச்சக் காசு வருகிற அன்றைக்கு வாறேன், சிஞ்ஞோரா, என்றேன். எனக்கும் ஒரு கொள்கை வைத்துக்கொண்டேன் என்று நினைத்தாராக்கும். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும், நான் வழக்கமாக அவரைக் குளிக்க வார்த்த நேரத்தில், எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்தப் புது ஆள் கால் மிதியை விரித்தானோ, தோளைப் பிடிக்கிறானோ, சோப்பு நுரையில் கிழவர் வழுக்கினாரோ என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். போய்ப் பார்க்கலாம்தான், ஒரு பஸ் தூரம். போகவில்லை. என் மனம் அவருக்கு இரங்குகிறபோதெல்லாம் மேசையில் எழுந்த அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்கிறேன். அவர் தன் உரையை நிகழ்த்திவிட்டாராம், நல்ல கைதட்டலாம் என்று தம்பி சொன்னார். சத்தம் போடாதவர்களைப் பற்றிய அந்த வசனத்துக்குச் சபை எழுந்து நின்றதாம். அதை யார் சொன்னது என்று கிழவர் சபையில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதுகிற இன்றைக்கு எனக்கு வரவேண்டிய மிச்சம் ஐயாயிரத்து ஐந்நூற்று எண்பது யூரோ.